நான் சொன்னதை எழுதுங்கக்கா

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியின் தேர்வு அறையில் நடந்தது இது. தேர்வு என்னுடையது இல்லை. இருந்தாலும் அன்று அந்த அறையில் வியர்த்து விறுவிறுத்துப் போனவள் நான்தான்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறேன். ஒரு மடக்கு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, வெயிலுக்கு ஒரு பெரிய குடை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்றைக்கு மூச்சு விட நேரம் இருக்காது. இருபது வருடமாக இதே வேலை. படித்தது பிளஸ் டூ வரைதான் என்றாலும், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வேகத்திலும் அந்த வாசலில் என்னை அடிக்க ஆள் இல்லை.

மனு எழுத வருகிறவர்கள் நேராக விஷயத்துக்கு வரமாட்டார்கள். பாகப்பிரிவினையில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டு மாடு வேலியைத் தாண்டியது வரை சொல்லிவிட்டு, எழுந்திருக்கும்போதுதான் பட்டா வேண்டும் என்பார்கள். நான் காது கொடுத்துக் கேட்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே, கதையை எல்லாம் கழித்துவிட்டு எட்டு வரியில் மனுவை முடித்துவிடுவேன். உள்ளே இருக்கும் அதிகாரிக்கு மாடு கதை எதற்கு? இது என் தொழில் ரகசியம் என்று பெருமையாகவே இருந்தேன். அந்தப் பெருமைக்குத்தான் திண்டிவனத்தில் ஆப்பு வைத்தார்கள்.

என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பார்வை இல்லாத மாணவர்கள் சிலர் அவரிடம் ஹால் டிக்கெட் எடுக்க வருவார்கள். அதைப் படித்துக் காட்டுவதில் ஆரம்பித்து, அவர்களுக்குத் தேர்வு எழுதித் தர ஆள் பிடித்துக் கொடுப்பது வரை அவர் தலையில் வந்து சேர்ந்தது. அதற்கென்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார். அதில் டெய்லர் கடைக்காரர் இருந்தார், லேப் டெக்னீஷியன் இருந்தார், வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிற பெண்கள் சிலர் இருந்தார்கள். யாருக்கும் ஒரு பைசா கிடையாது. பஸ்ஸுக்கும் சொந்தக் காசுதான். ஒரு நாள் ஆள் கிடைக்காமல் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தவிப்பதைப் பார்த்து, நானே போய்க் கேட்டேன்.

"ஏன் தம்பி, எழுதறதுக்கு ஆள் தேடறியே, பக்கத்துல ஒருத்தி காலையிலேர்ந்து எழுதிக்கினுதான இருக்கேன், கண்ணுக்குத் தெரியலையா?"

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ கொஞ்சம் தயங்கினார். "அக்கா, நம்ம கை மட்டும்தான் அவங்களுக்கு வேணும். மத்தது எல்லாம் அவங்களுது. அதை மட்டும் ஞாபகம் வச்சிக்கங்க" என்றார். எழுத்து வேலையில் நேற்றுப் பிறந்தவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாரே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அப்படி எனக்கு வந்த முதல் தேர்வு அது. எழுதப் போகிற பெண்ணுக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். சொந்த ஊர் பனமலைக்குப் பக்கம். அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற கூலி வேலைக்குப் போகிறவர். இந்தப் பெண் விழுப்புரத்தில் விடுதியில் தங்கி, ஒரு தனியார் மருத்துவமனையில் போன் எடுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு. ஒரே ஒரு தாளைத் தவிர எல்லாம் பாஸ்.

அன்று காலை ஏழு மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். மடக்குக் குச்சி, தோளில் ஒரு துணிப்பை. என் குரலைக் கேட்டதும் சட்டென்று முகத்தை என் பக்கம் திருப்பினாள். பஸ் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் அந்த ஒரு தாளின் கதையைச் சொல்லிவிட்டாள்.

முதல் தடவை, எழுதித் தர வேண்டியவர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தாராம். இரண்டாவது தடவை வந்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. இவள் சொல்லும் பெயர்களை எழுதத் தெரியாமல் திணறிப் பாதித் தாள் காலியாகவே போனதாம். இது மூன்றாவது. படிப்பை முடிப்பதற்குக் கொடுத்த வருடக் கணக்கும் இத்தோடு சரி. இதில் போனால் அத்தனை தாளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். டிகிரி கையில் வந்தால் அரசு வேலைக்கு விண்ணப்பம் போடலாம் என்று அவள் அம்மா நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

"கவலைய விடு. இந்தத் தடவ நான் இருக்கேன் இல்ல" என்றேன். அவள் பையிலிருந்து ஒரு சாதாரண பால்பாயிண்ட் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இதுல எழுதுங்கக்கா. ஜெல் பேனா வேணாம்."

என்னிடம் வழவழவென்று எழுதும் நல்ல ஜெல் பேனா இருந்தது. இதென்ன பேஜாரு என்று நினைத்தாலும் வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்துக் கையெழுத்து போடச் சொன்னார்கள். தேர்வர் சொல்வதை மட்டுமே எழுதுவேன், கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்கிற உறுதிமொழி. ஊருக்கெல்லாம் உறுதிமொழி எழுதிக் கொடுக்கிறவள், எனக்கு வந்ததைப் படிக்காமலேயே கையெழுத்து போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று பிறகுதான் ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் இருந்த நகலில் பார்த்தேன்.

அடுத்து ஒரு சிக்கல். பார்வை இல்லாதவர்களுக்கு மூன்று மணி நேரத்தோடு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. தேர்வுப் பொறுப்பில் இருந்த சார், ஒரு மணிக்கு எல்லா அறையையும் பூட்ட வேண்டும், ஒருவருக்காகக் காத்திருப்பது கஷ்டம் என்றார். கெட்டவர் இல்லை. வேலைப்பளுவில் சொன்னார். எனக்கு அதிகாரிகளோடு மல்லுக்கு நிற்பது பிடிக்காது. பணிந்து போனால் காரியம் நடக்கும் என்பது இருபது வருடப் பழக்கம். அதனால் நான் முந்திக்கொண்டேன்.

"பரவால்ல சார். நான் ரொம்ப ஸ்பீடா எழுதுவேன். ஒரு மணிக்குள்ள முடிச்சிடுவோம்."

அவள் முகம் மாறிவிட்டது. என்னிடம் கோபப்படவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அக்கா, அந்த ஒரு மணி நேரம் உங்களுது இல்ல. என்னுது" என்றாள்.

பிறகு பையில் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்து சார் இருந்த திசையில் நீட்டினாள். கூடுதல் நேரத்துக்கான அரசாணை. "ரெண்டாவது பக்கம் சார், மூணாவது பாரா. கொஞ்சம் படிச்சிப் பாருங்க" என்றாள். அவர் படித்தார். தாளை உறையில் போட்டு அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, இரண்டு மணி வரை அந்த அறை திறந்திருக்கும் என்று குறித்துக்கொண்டார். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உதவி செய்ய வந்த இடத்தில் இப்படிப் பேச்சு கேட்க வேண்டியதாயிற்றே என்று அறைக்குப் போகும் வழியெல்லாம் மனசு முறுக்கிக்கொண்டே இருந்தது.

நாங்கள் பேசிப் பேசி எழுத வேண்டும் என்பதால் தனி அறை. ஒரு மூலையில் கண்காணிப்பாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குக் கேள்வித்தாள் வந்தது. நான் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். அவள் இரண்டு நிமிடம் கண்களை மூடி யோசித்துவிட்டு, எந்த வரிசையில் எழுதுவது என்று சொன்னாள்.

அவள் சொல்லும் விதம் நிதானமாக இருந்தது. ஒரு வாக்கியம் சொல்வாள், நிறுத்துவாள், நான் எழுதியதும் அடுத்தது. முதல் ஒரு மணி நேரம் நல்லபடியாகப் போனது. அப்புறம் என் கை தன் புத்தியைக் காட்ட ஆரம்பித்தது. ஓர் இடத்தில் அவள் சொன்ன வாக்கியம் நீளமாக இருந்தது, வெட்டிச் சின்னதாக்கினேன். இன்னோர் இடத்தில் அவள் சொன்ன வார்த்தை சாதாரணமாகப் பட்டது, மனுவில் போடுகிற மாதிரி கனமான வார்த்தை ஒன்று போட்டேன். திருத்துகிறோம் என்கிற நினைப்புகூட எனக்கு இல்லை. கை பாட்டுக்குச் செய்தது.

பெரிய கேள்வி ஒன்று வந்தது. பல்லவர் காலக் கட்டடக் கலை பற்றி விரிவாக எழுத வேண்டும். அவள் மண்டகப்பட்டில் ஆரம்பித்தாள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்தது பற்றிச் சொன்னாள். மாமல்லபுரம் சொன்னாள். காஞ்சி கைலாசநாதர் கோயிலை ராஜசிம்மன் கட்டினான் என்றாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அது மகேந்திரவர்மன் ஆயிற்றே, பாவம், பதற்றத்தில் மாற்றிச் சொல்கிறாள் என்று மகேந்திரவர்மன் என்றே எழுதினேன். ஒரு மார்க்கைக் காப்பாற்றிக் கொடுத்த திருப்தி எனக்கு.

அடுத்து அவள் பனமலைக்கு வந்தாள். அங்கேதான் அவள் குரல் மாறியது. மலை மேல் இருக்கும் அந்தச் சிவன் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து போய் வருகிறவள். கருவறையின் மூன்று பக்கமும் சின்னச் சின்னக் கோயில்கள் ஒட்டிக்கொண்டிருப்பதை, சுவரில் கை வைத்துக்கொண்டே சுற்றி வந்தால் தெரிந்துகொள்ளலாம் என்றாள். தூணின் அடியில் உட்கார்ந்திருக்கும் சிங்கத்தின் பிடரி மயிர் எப்படிச் சுருண்டிருக்கிறது என்று சொன்னாள். சுவரில் ஓர் ஓவியம் உண்டு, குடைக்குக் கீழே ஒரு காலை மடித்து ஒரு பெண் நிற்கிறாள், அதை மட்டும் தன்னால் தொட்டுப் பார்க்க முடியாது, கூட வந்தவர்கள் சொன்னதுதான் என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மணியைப் பார்த்தேன். பன்னிரண்டேகால் தாண்டியிருந்தது. பாடப் புத்தகத்தில் பனமலைக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்க மாட்டார்கள், விடைத்தாள் திருத்துகிறவருக்கு இவள் ஊர்க் கதை எதற்கு என்று தோன்றியது. அதே மாடு, வேலிக் கதைதான் எனக்கு. 'பனமலையிலும் பல்லவர் காலக் கோயில் ஒன்று உள்ளது' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதற்குக் கீழே மாமல்லபுரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மூன்று வரிக்கு எழுதினேன். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஆட்டுவது அவளுக்குத் தெரியாது என்பதுகூட உறைக்கவில்லை.

அவள் நிறுத்தினாள்.

"அக்கா, பனமலைய படிச்சிக் காட்டுங்க."

இந்த இடத்தைத்தான் இன்றைக்கும் யாரிடமாவது சொல்லும்போது வேகமாகத் தாண்டப் பார்க்கிறேன். தாளைப் பார்த்துக்கொண்டே, தாளில் இல்லாததைப் படித்தேன். அவள் சொன்னது எனக்கு ஞாபகத்தில் இருந்தது. மூன்று பக்கமும் சின்னக் கோயில், சிங்கம், பிடரி, குடை, ஓவியம் என்று அவள் வாக்கியங்களை அப்படியே ஒப்பித்தேன். பார்க்க முடியாத ஒருத்தியிடம் நான் சொன்ன பொய் அது. அதைப் பொய் என்றுகூட அந்த நிமிடம் நினைக்கவில்லை. சமாளித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவள் கையை நீட்டி விடைத்தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பின்புறத்தில் விரல்களை வைத்தாள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தாளின் மறுபக்கம் வரிவரியாகப் புடைத்துக்கொண்டு நிற்குமே, அதை அடியிலிருந்து மேலே மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். இடைவெளி விட்டு நான் பனமலையை ஆரம்பித்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"நான் பத்து வரிக்குக் கொறையாம சொன்னேன். இங்க நாலு வரிதான் இருக்கு. நான் பேசிக்கினு இருக்கும்போதே உங்க பேனா நின்னு போச்சுக்கா. சத்தம் கேக்கல."

எதற்கு அந்தப் பேனா என்று அப்போதுதான் புரிந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டேன். என் முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை அவளால் பார்க்க முடியாது என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகவே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மூலையில் இருந்த கண்காணிப்பாளர் அம்மா நிமிர்ந்து, "என்ன, எதாவது பிரச்சனையா?" என்றார்.

எழுதித் தர வந்தவள் சொந்தச் சரக்கைச் சேர்த்தாள் என்று தெரிந்தால், முறைகேடு என்று தாளையே பிடுங்கிக்கொள்ளலாம். தண்டனை எனக்கு இல்லை. வெயிலில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டு மகளின் டிகிரிக்காகக் காத்திருக்கும் அந்த அம்மாவுக்கும், இவளுக்கும்தான். நான் எழுந்து உண்மையைச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றேன்.

அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஒண்ணும் இல்ல மேடம். நான் சொன்னபடி வரல. அடிச்சிட்டுத் திருப்பி எழுதறோம். எனக்கு ரெண்டு மணி வரைக்கும் டைம் இருக்கு."

அதில் பொய் ஒரு சொல் இல்லை. அந்த அம்மாவும் சரி என்று தலையசைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அடுத்து அவள் சொன்னதுதான் எனக்குப் பெரிய தண்டனை. "மொத பக்கத்துலேர்ந்து படிங்கக்கா. எழுதியிருக்கறதப் படிங்க." நான் படிக்கப் படிக்க, அவள் விரல் மறுபக்கத்தில் வரியோடு வரியாக வந்தது. நானாகவே ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இங்கே வெட்டினேன், இங்கே இந்த வார்த்தையைப் போட்டேன் என்று சொல்லிக்கொண்டு போனேன். அதிகம் இல்லை, நான்கைந்து இடம்தான். ஆனால் ஒவ்வொன்றையும் வாய் திறந்து சொல்லும்போது, பஸ்ஸில் 'நான் இருக்கேன் இல்ல' என்று சொன்ன என் குரல் காதில் ஒலித்தது. கைலாசநாதர் கோயில் வந்தபோது, "மகேந்திரவர்மன்னு மாத்திட்டேன்" என்றேன்.

"ராஜசிம்மன்க்கா" என்றாள். அவ்வளவுதான்.

மணி ஒன்று ஆனது. மற்ற அறைகளில் நாற்காலிகள் நகரும் சத்தம், பிள்ளைகள் பேசிக்கொண்டு படியிறங்கும் சத்தம். சற்று நேரத்தில் கட்டடமே அமைதியாகிவிட்டது. எங்கள் அறை மட்டும் திறந்திருந்தது. காலையில் நான் தாராளமாகத் தூக்கிக் கொடுத்த அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால், அந்த நிமிடம் என் பொய்யோடு சேர்த்து விடைத்தாளைக் கட்டி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

எல்லாவற்றையும் அடித்துச் சரிசெய்தோம். பிறகு பனமலையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். ஒரு வார்த்தையும் விடாமல் எழுதினேன். சுவரில் கை வைத்துச் சுற்றி வருவதை எழுதினேன். சிங்கத்தின் பிடரியை எழுதினேன். தன்னால் தொட முடியாத ஓவியத்தைப் பற்றிச் சொன்னதையும் எழுதினேன். எழுத எழுத எனக்கு அந்தக் கோயில் கண்ணில் தெரிந்தது. பனமலை வழியாக அனந்தபுரம் போகிற பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்பேன், ஒரு நாளும் இறங்கி அந்த மலையில் ஏறியதில்லை. மிச்சம் இருந்த ஒரு சின்னக் கேள்வியையும் முடித்துப் பேனாவை மூடியபோது இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. "என்ன மன்னிச்சிடும்மா, நல்லது செய்யறேன்னு நெனச்சி..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவள் தட்டில் அப்பளம் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிக்கொண்டே சொன்னாள்.

"மொத ரெண்டு தடவையும் நான் பெயிலாவலக்கா. ஆள் லேட்டா வந்ததும், எழுதத் தெரியாததும்தான் பெயிலாச்சு. இந்தத் தடவ பெயிலானாலும் நானே பெயிலாவணும். பாஸானாலும் நானே பாஸாவணும். அதுக்கோசரம்தான் இவ்ளோ தூரம் வந்தேன்."

விழுப்புரம் வந்ததும் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். குழுவிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்றேன். தம்பி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு, "அடுத்த வாரம் புதுசா ஏழெட்டுப் பேர் வர்றாங்கக்கா. நான் சொன்னா தலைய ஆட்டிட்டுப் போயிடறாங்க, உங்கள மாதிரியே. நீங்க வந்து இத அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். இதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை. என் மேசைக்கு ஒரு அம்மா வந்தார். ஏதோ ஒரு கிராமத்துக் காலனி, பெண்கள் எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். தெரிந்த முகமாக இருந்தது. தண்ணீர் விஷயம் என்று ஆரம்பித்து நீளமாகச் சொன்னார். நான் பேனாவைத் திறந்து, வழக்கம்போல 'எங்கள் பகுதிக்குக் குடிநீர் வசதி செய்து தருமாறு' என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு, என்னவோ தோன்றி, அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். என் இருபது வருடத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

"நான் இன்னா சொன்னேன், நீ இன்னாம்மா எழுதற?" என்றார் அவர். "எங்களுக்குப் பைப்பு இருக்குது. தண்ணியும் வருது. பத்து மணிக்கு வுடறான். நாங்க ஆறரைக்கே வேலைக்குப் பூடறோம். வூட்ல யார் இருக்கா புடிக்க? காலையில ஆறு மணிக்குள்ள வுடச் சொல்லுன்னு சொன்னேன். போன தபா வந்தப்பவும் இதத்தான் சொன்னேன். அதுக்கு முந்தின தபாவும் சொன்னேன்."

பையிலிருந்து இரண்டு பழைய பதில் கடிதங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். தங்கள் பகுதியில் குடிநீர் வசதி ஏற்கெனவே உள்ளது என்று இரண்டிலும் ஒரே பதில். கூடவே பின் அடித்து வைத்திருந்த மனுக்களின் நகலைப் பார்த்தேன். இரண்டும் முத்து முத்தான கையெழுத்து. என்னுடையது.

அந்த அம்மா இரண்டு தடவை கூலியை விட்டுவிட்டு வந்து, வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறார். நான் மாடு கதை என்று கழித்து எறிந்ததில்தான் அவருடைய குறையே இருந்திருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் அதிகாரி கேட்காதது அப்புறம். வாசலில் உட்கார்ந்திருந்த நானே கேட்கவில்லை.

எழுதியதைக் கிழித்துப் போட்டேன். "நீங்க சொல்லுங்கம்மா, அப்பிடியே எழுதறேன்" என்றேன். தண்ணீர் வருகிறது, நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் வருகிறது, ஆறு மணிக்குள் விட்டால் பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவோம் என்று அவர் சொன்னபடியே எழுதிப் படித்துக் காட்டினேன். "ஆங், இது!" என்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு மாதத்துக்குள் குழாய் நேரத்தை மாற்றிவிட்டார்கள். அதைச் சொல்வதற்காகவே வேறு வேலையாக வந்த ஒருவரிடம் ஒரு பை மல்லாட்டை கொடுத்தனுப்பியிருந்தார். அதை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு முன்பு நான் எழுதிய ஆயிரக்கணக்கான மனுக்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களெல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்களோ, நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

தேர்வு முடிவு வந்த அன்று அந்தப் பெண்ணே போன் செய்தாள். பாஸ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் என்னவோ சாதாரணமாக, "என் கூட விடுதியில இருக்கற பொண்ணுக்கு அடுத்த மாசம் பரீட்சக்கா. எழுத வர்றீங்களா?" என்று கேட்டாள். வேறு யாராவது நல்லவர்களாகப் பார்த்துக்கொள்ளேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "உங்களுக்குத்தான் தெரியும், கை எங்க தப்பு பண்ணும்னு. அதனாலதான் கேக்கறேன்" என்றாள்.

போனேன். அதற்குப் பிறகு விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நிறையத் தேர்வுகள் எழுதிவிட்டேன். எல்லாம் பால்பாயிண்ட் பேனாவில்தான். குழுவுக்குப் புதிதாக யார் வந்தாலும், நான் தாளில் இல்லாததைப் படித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது இன்னும் கூசத்தான் செய்கிறது. அந்த வருடம் முடிவதற்குள் ஒரு நாள் பனமலையில் இறங்கி மலையேறி, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுவரைத் தொட்டபடியே சுற்றியும் வந்தேன்.

திங்கட்கிழமைகளில் என் மேசையில் இப்போது கூட்டம் மெதுவாகத்தான் நகர்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள், "இன்னாக்கா, ஸ்பீடு கொறஞ்சி போச்சு?" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். மாடு வேலியைத் தாண்டிய கதையையும் கடைசி வரை கேட்கிறேன். எழுதி முடித்ததும் தாளை அவர்கள் பக்கம் திருப்பி, இருப்பதை இருக்கிறபடியே படித்துக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானா?" என்று கேட்கிறேன். அவர்கள் பதில் சொல்வதற்குள் வரும் அந்த ஒரு நிமிட மௌனத்தில், தாளின் மறுபக்கத்தை யாரோ விரலால் தடவிப் பார்ப்பதுபோல எனக்கு இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.